பதினான்காம் கேள்வி

பதக்கங்கள்: இல்லை
என்று தட்டச்சில் இருந்தது.
அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தார்.
சிங்களத்தில் 'இல்லை' இரண்டே எழுத்து.
அதற்குமேல் வாசிக்க ஒன்றுமில்லை.

பென்சன் விஷயமாய்ப் போன இடத்தில்
தற்செயலாய்க் கிடைத்த பிரதி.
சேவை இலக்கம் சரி. இரத்த வகை சரி.
தில்லையம்பலத்தில் மட்டும் ஒரு 'ல்' குறைவு.

"ரெண்டு இருக்கு" என்றார்.
வெள்ளத்துக்குள் லொறியை இறக்கி
மூன்று நாள் சனம் ஏற்றியதற்கு ஒன்று.
பன்னிரண்டு வருடம்
ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் இருந்ததற்கு மற்றது.
"ரெண்டாவதுதான் கஷ்டம்."

அத்தாட்சி கேட்டார்கள்.
தொண்ணூறில்,
ஆர் வந்து வீட்டைக் கிளறினாலும் ஆபத்தென்று
பால்மாப் பேணிக்குள் போட்டு
கிணற்றுக்கும் கமுகுக்கும் நடுவில் தாட்டது.
முகாமிலிருந்து ஒட்டுசுட்டானுக்குத் திரும்பியபோது
கமுகு இல்லை.
காணியைச் சுற்றி மண்டையோட்டுப் பலகைகள்.
உள்ளே, முகமூடி போட்ட பெண்பிள்ளைகள்
முழங்காலில் நின்று
கருவி வைத்து நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடித்து அவர்கள் தந்த கடதாசியில்
எங்கள் காணிக்கு நேரே:
மிதிவெடி ஏழு.
உலோகத் துண்டுகள் இருநூற்றுப் பதினொன்று.

"அதிலை ரெண்டு என்ரை" என்றார் அப்பா.
அந்தக் கடதாசியைத்தான் பிரதி எடுத்து
சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி
'இணைப்பு மூன்று' என்று குறித்தார்.
நீதவான் சிரிக்கவில்லை.
அவருடைய காணியில் நானூற்றுச் சொச்சம்.

விண்ணப்பம் நான்கு பக்கம்.
அப்பாவுக்குக் கை நடுக்கம்,
நான்தான் நிரப்பினேன்.
பதினான்காம் கேள்வி:
குடும்பத்தில் வேறு எவரேனும்
படையில் சேவையாற்றியுள்ளனரா?
பெயர், இலக்கம், காலம்.

பக்கத்து வளவில் உழவு மெசின்
ஸ்டார்ட் வராமல் இருமிக்கொண்டிருந்தது.
அப்பா பேனையை வாங்கினார்.
கட்டத்தைத் தாண்டிப் போகிற எழுத்தில்

மகன். தி. கோகுலரமணன்.
இலக்கம் தகட்டில் இருந்தது, தகடு கிடைக்கவில்லை.
காலம், பத்தொன்பது வயது மட்டும்.

"அப்பா, இது ஆமிக் கந்தோருக்குப் போகுது."
"கேள்வி அப்பிடித்தான் இருக்கு" என்றார்.
"ஆற்றை படையெண்டு கேக்கேல்லை."

அன்றிரவு நான் படுக்கவில்லை.
விடிய, சந்திக்குப் போய்
பத்து ரூபாய்க்கு வேறு படிவம் எடுத்து
எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன்,
அவருடைய பிழைகளையும் விடாமல்.
பதினான்கில் ஒரு கோடு.
அடிமட்டம் வைத்து இழுத்தேன்.
பதிவுத் தபால். பற்றுச்சீட்டை அவரிடம் கொடுத்தேன்.
பழைய படிவம் தையல் மெசின் லாச்சிக்குள்,
பொபின்களுக்குக் கீழே.
எண்ணெய் ஊறி
தம்பியின் பெயர் மறுபக்கத்தாலும் தெரிகிறது.

எட்டு மாதம் கழித்துப் பதில்.
பழைய கட்டளைப் புத்தகம் ஒன்றில்
தேடி எடுத்தார்களாம்.
பதக்கங்கள்: இரண்டு.
விடுபட்ட 'ல்'லும் வந்திருந்தது.

அப்பா இரண்டு தரம் வாசிப்பித்தார்.
நெஞ்சை நிமிர்த்துவார் என்று நினைத்தேன்.
கடிதத்தைத் திருப்பி
பின்பக்க வெள்ளையையும் பார்த்தார்.

"பதினாலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

"ஏற்றுக்கொண்டிருப்பினம்" என்றேன்,
மெசினை மிதித்தபடி.
ஊசியில் நூல் இல்லை.